கடைசி நிறுத்தம்வரை தூங்குகிறவர்கள்

பெட்டியை ஒரு நொடியும் கைவிடக்கூடாது.
கழிவறைக்கும் கூடவே வரும்.
எக்ஸ்-ரே ஆகாது. தூங்கக்கூடாது. ஒரு மிடறு ஒயின் ஆகாது.
நான்கு மொழிகளில் கடிதம்
என் சட்டைப் பையில்.

போஸ்னான் விமான நிலையம், காலை ஐந்து.
சோதனை மேசையில் ஒரு பையன்,
வில்லையில் காஸ்பர் என்று பெயர்,
மூடியைத் திறக்கச் சொன்னான்.
உள்ளே ஒரு பை. அரை லிட்டர்கூட வராது.
"பீட்ரூட் சூப்பா?"
கடிதத்தைப் படித்தான்.
தொப்பியைக் கழற்றினான்.
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்
திரும்பவும் மாட்டிக்கொண்டான்.

கொடுத்தது யாரென்று எனக்குச் சொல்லமாட்டார்கள்.
ஓர் எண். இருபத்தாறு வயது. ஆண்.
ஊசிமேல் ஊசி போட்டு
எலும்புக்குள் கிடந்த குருத்தணுக்களை
ரத்தத்துக்கு வரவழைத்து வடித்திருக்கிறார்கள்.
இரண்டு நாளாவது அவனுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்திருக்கும்.

குருத்தணு
இன்னும் ஒன்றாகவும் ஆகாதது.
சிவப்பாகலாம், வெள்ளையாகலாம்,
தட்டணுவாகிக் காயத்தின் வாயை அடைக்கலாம்.
ஒன்று இரண்டானால்
ஒன்று வேலைக்குப் போகும்,
மற்றது குருத்தாகவே இருக்கும்,
நாளைக்கென்று.

அந்த இடத்தில்தான் எனக்கு மனம் முரண்டுகிறது.
லெஷெக்கைக் கொண்டுபோனதும்
இதே குணம்தான்.

இருபத்திரண்டு வருடம் இரவு டிராம் ஓட்டியவள் நான்.
டாக்டர் ஓல்ஷான்ஸ்கா படம் போட்டு விளக்கினார்:
மருந்து, பெருகுகிற செல்லைப் பிடிக்கும்;
புற்றுக்குள்ளும் ஒரு குருத்து உண்டு,
அது பெருகாமல் உறங்கும்.
எனக்குப் புரிந்த விதம் வேறு.
டிக்கெட் பரிசோதகர் ஏறுகிறார்.
எழுந்து ஓடுகிறவர்கள் எல்லாரும் அகப்படுகிறார்கள்.
பின்னிருக்கையில் கோட்டைப் போர்த்திக் கிடந்தவனை
யாரும் கோட்டென்றுதான் நினைத்தார்கள்.
வண்டி டிப்போவுக்குப் போனது.
விளக்கை அணைத்தோம்.
பதினான்கு மாதம் எல்லா அறிக்கையும் சுத்தம்,
கேக் வெட்டினோம், லெஷெக் இரண்டு துண்டு தின்றான்.
பிறகு ஒரு விடியலில் அவன் எழுந்து
வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

எழுப்பிவிட்டுப் பிடிப்பதா,
தூக்கத்திலேயே முடிப்பதா,
ஆய்வுக்கூடங்களில் இன்னும் பேச்சு நடக்கிறதாம்.
என் தம்பிக்கு அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருக்க
ரத்தம் இருக்கவில்லை.

கோபன்ஹேகனில் விமானம் மாறினேன்.
நான்கு டிகிரி. நான்கு. நாலரை. நான்கு.
பக்கத்து இருக்கைக்காரர் குறட்டை விட்டார்.
பொறாமையாக இருந்தது.

பெர்கனில் மழை. பெர்கனில் வேறென்ன இருக்கும்.
தூருன் என்ற நர்ஸ் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள்.
மேல்மாடியில் யாரோ ஒருவர்,
எலும்புக்குள் எல்லாம் எரித்துக் காலி செய்யப்பட்டு,
வண்டியில்லாத டிப்போ மாதிரிப் படுத்திருக்கிறார்.
பையைக் கையிலோ மார்பிலோ ஒரு நரம்பில் இறக்குவார்களாம்.
எலும்புக்கு வழி யாரும் காட்டுவதில்லை,
அதுவே போய்ச் சேரும் என்றாள், எனக்கு வியப்பூட்ட.
நான் வியக்கவில்லை.
முழுப் போதையில், கண்ணைத் திறக்காமல்,
சரியாகத் தன் நிறுத்தத்தில் இறங்குகிற ஆட்களை
நிறையப் பார்த்தாயிற்று.

"பின்னிருக்கை?" என்று கேட்டுவிட்டேன்.
அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில்.
புது ரத்தம் சும்மா இருக்காது, என்றாள்.
மூலைமுடுக்கெல்லாம் தேடும்,
உறங்குகிறவனையும் சில நேரம் கண்டுபிடிக்கும்.
சில நேரம் வீட்டுக்காரரையே அடிக்கும்.
சில நேரம், என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனாள்.

இனி நான் தூங்கலாம். அனுமதி உண்டு.
விடுதி ஜன்னலுக்குக் கீழே டிராமின் கடைசி நிறுத்தம்.
எல்லாரும் இறங்கிய பிறகு
ஓட்டுநர் பெண் பெட்டியின் கோடிவரை நடந்தாள்,
குனிந்து, குனிந்து.
யாரோ மறந்த குடை ஒன்று கிடைத்தது.
அதை விரித்துப் பார்த்தாள்,
உள்ளே எதுவும் இருக்கிறதா என்பதுபோல.